படம் மாட்ட அடித்த ஆணி

மகன்,

போன கிழமை உன் மனைவி தொலைபேசியில் என்னிடம் உன்னைப் பற்றிக் கோள் சொன்னாள். "மாமா, உங்கட மகனோட வெளிய போறதெண்டா பெரிய பாடு. லிஃப்ட் மட்டும் வந்திட்டு, பைப்பப் பூட்டினனானோ தெரியாது எண்டு திரும்பிப் போவார். ஒருக்கா இல்ல, ரெண்டு மூணு தரம். ஒருநாள் கீழ இறங்கி ஓட்டோவில ஏறின பிறகும் இறங்கிப் போனவர்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். தண்ணீர்ப் பைப்பை மூடினாயா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது அவளுக்கு உன்னுடைய விசித்திரமான பழக்கம். அது எந்த நாளில், யாரால் உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் "சரி அப்பா, விடுங்க" என்று நீ இரண்டு சொல்லில் முடித்துவிடுவாய். அப்படி விடக்கூடிய விஷயம் இல்லை இது. வேலை முடிந்து வந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, ஆறுதலாக வாசி.

என் குணம் உனக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வரமாட்டேன். வரம்பு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வயலுக்குள் இறங்குவேன். அதனால் முதலில் ஓர் அப்பா சொல்ல வேண்டிய புத்திமதிகளைச் சொல்லிவிடுகிறேன். அவற்றைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதைக் கடைசியில் நீ பார்த்துக்கொள்.

நம் பக்கத்து ஆண்களுக்குச் சொந்த வீடு என்று ஒன்று கிடையாது. பிறந்த வீடு அம்மாவுடையது, வாழப்போகும் வீடு பெண்சாதியுடையது. உன் மாமனார் கொழும்புக்குப் போய் எத்தனையோ காலம் ஆகியும் அந்த வழக்கத்தை விடவில்லை. வீடும் வளவும் கிணறுமாகக் கொடுக்க வேண்டியதை வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் ஒரு வீடாக வாங்கி மகளுக்குக் கொடுத்திருக்கிறார். நல்லது. ஆனால் அந்த வீட்டில் ஒரு பைப் சொட்டினால், "உங்கட வீட்டுப் பைப் சொட்டுது" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்காதே. நான் அப்படித்தான் இருந்தேன். செட்டிபாளையத்தில் உன் அம்மாவின் சீதன வீட்டில், கிணற்றடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு வெடிப்பு இருந்தது. எப்போதும் அந்த இடம் சேறு. எனக்கு வேலையே நீர்ப்பாசனப் பகுதியில் வாய்க்கால் பார்ப்பது. ஊரார் வயல் வட்டையில் எந்த வரம்பில் நண்டு வளை போட்டிருக்கிறது, தண்ணீர் எந்த வயலில் இருந்து எந்த வயலுக்குக் களவாகப் போகிறது என்று நடந்தே சொல்லிவிடுவேன். என் வீட்டுத் தொட்டி ஒழுகுவதை மட்டும் பார்க்காதவன் போல இருந்தேன். ஏனென்றால் அது அவளுடைய அப்பா கட்டிய வீடு. கடைசியில் அந்த வயதான மனிதர் தேற்றாத்தீவில் இருந்து சைக்கிளின் பின்னால் அரை மூட்டை சீமெந்தைக் கட்டிக்கொண்டு வந்து, குந்தியிருந்து பூசினார். நான் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தேன். "மருமகன், ரெண்டு நாளைக்குத் தண்ணி விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை.

பிறகு கடல் வந்தது. அன்று உனக்குக் காய்ச்சல் என்று நாம் மூவரும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இருந்தோம். அந்தக் காய்ச்சலால்தான் இன்றைக்கு உனக்குக் கடிதம் எழுத நானும் வாசிக்க நீயும் இருக்கிறோம். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் அந்தத் தொட்டியும் மட்டும் நின்றன. தொட்டி வெடிக்கவே இல்லை. உன் அம்மா அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். இந்த வீட்டுக்கு ஒரு கை மண் நான் அள்ளிப் போடவில்லையே என்று அப்போதுதான் எனக்குச் சுட்டது.

முகாமில் இருந்த காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அதற்குப் பிறகு டவுன் பக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டி, கடலோரத்தில் வீடு இழந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். நமக்கு நடு மாடி. பதிவு செய்ய வந்தவர் படிவத்தை நிரப்பும்போது உன் அம்மா, "ஐயா, போன வீடு என்ர பேரிலதான் இருந்தது" என்றாள். அவர், "குடும்பத் தலைவர்ர பேரத்தான் போட ஏலும் அம்மா" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "அவட பேரையும் போடுங்க" என்று கேட்டிருந்தால் அந்த மனிதர் போட்டிருப்பாரோ என்னவோ. நான் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தேன். பொய் சொல்லாமல் சொல்கிறேன் மகன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தரமாக என் பேரில் ஒரு வீடு.

சாவி கொடுத்த அன்று எல்லோரையும் படம் எடுத்தார்கள். பெரிய அதிகாரி ஒருவரின் கையில் இருந்து நான் சாவி வாங்கும் படம். அதைச் சட்டம் போட்டு எடுத்து வந்தேன். குடிவந்து இரண்டாம் நாள், நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய், குசினிச் சுவரின் முன்பக்கத்தில், உள்ளே வருகிற எவருடைய கண்ணிலும் படுகிற இடத்தில் அதை மாட்ட ஆணி அடித்தேன். பாதி இறங்கியதும் சட்டென்று எதிர்ப்பு இல்லாமல் போனது. விரலில் குளிர்ந்தது. பார்த்தால் ஆணியைச் சுற்றி ஒரு துளி நீர், பிறகு இன்னொன்று. அந்தச் சுவருக்குள்தான் பைப் ஏறுகிறது. அது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஆணியைக் கழற்றினால் தண்ணீர் பாயும், சுவரை உடைக்க வேண்டும், குடிவந்த மறுநாளே வீட்டை உடைத்தவன் என்று மாடி முழுக்கச் சிரிக்கும். சுத்தியலால் இன்னும் இரண்டு அடி அடித்தேன். துளி நின்றது. துடைத்துவிட்டுப் படத்தை மாட்டினேன். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நேராத்தான் இரிக்கு" என்றாள்.

இதில் இருந்து ஒரு புத்திமதி. புது வீட்டில் சுவரில் ஆணி அடிக்கும் முன், பைப் வாய் எங்கே இருக்கிறது என்று பார். அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் கை வைக்காதே. வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே என்று உனக்கும் அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீட்டரைப் போய்ப் பார். அதில் உள்ள சின்னச் சக்கரம் அசைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. கக்கூசுத் தொட்டிக்குள் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்து விடு. யாரும் பாவிக்காமலே கோப்பைக்குள் மஞ்சள் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் விட முக்கியம், விரலில் ஈரம் பட்டால் அது ஈரம்தான். அதை வேறு என்னவோ என்று நினைக்கப் பழகாதே.

மாடி வீட்டுச் சீவியம் என்னவென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வளவில் வாழ்ந்த சனத்தைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தால் என்ன நடக்கும்? மேல் வீட்டுக்காரி இடியப்பத்துக்கு மா இடித்தால் நம் தலைக்குள் இடிக்கும். மேலே காயப்போட்ட சாரத்தின் தண்ணீர் நம் கோலத்தில் சொட்டும். சூடை மீன் கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். குடியிருப்போர் கூட்டம் என்று மாதத்துக்கு ஒன்று கூடும். மோட்டருக்கு யார் பொறுப்பு, கூரையில் உள்ள தண்ணீர்த் தாங்கியை யார் கழுவுவது என்று தொடங்கி, ஆளுக்கு ஆள் ஏசிக்கொண்டு கலைவார்கள். வீட்டுக்குள் இருக்கும் பைப் வீட்டுக்காரனுடையது, வெளியே இருப்பது எல்லோருடையது. சுவருக்குள் இருக்கும் பைப் யாருடையது? அதற்கு இன்று வரை பதில் கிடையாது. அந்தக் கேள்விக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்திருந்தேன்.

நமக்குக் கீழ் வீடு பரமேஸ் மாமியுடையது. அவளும் கடலுக்கு எல்லாம் கொடுத்தவள். புருஷனையும் கொடுத்தாள். மிஞ்சியது மகன் சுதன் ஒருவன்தான். உன்னைவிட நாலு வயது மூத்தவன். நீ அவன் சைக்கிளின் முன்கம்பியில் இருந்துதான் டவுன் முழுக்கச் சுற்றினாய். வன்னியில் சொந்தக்காரர் ஒருவரின் கடையில் வேலை என்று போனவன், சண்டை மூண்டு பாதை மூடியதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். சண்டை முடிந்த வருடம் எல்லோரும் யாரையாவது எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வரவில்லை. முகாம் முகாமாக ஆள் தேடினார்கள். காணாமல் போனவர்களைப் பதிகிறார்கள், படம் கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று மாமிக்குத் தகவல் வந்தது. அவளிடம் அவனுடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குழந்தைப் படம், பள்ளிக்கூடப் படம் எல்லாம் கடலோடு போய்விட்டன. அடையாள அட்டைக்காகப் பிறகு எடுத்த அந்தப் படத்தை, அவனுடைய பிறப்புச் சான்றிதழோடு ஓர் உறையில் போட்டு அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தாள். அலுமாரி நின்றது நம் குசினிச் சுவருக்கு நேர் கீழே உள்ள சுவரோடு.

அந்த மாதம்தான் பழைய மோட்டரை மாற்றிப் பலமான மோட்டர் ஒன்று பூட்டியிருந்தார்கள். என் ஆணியில் இருந்து இறங்கிய துருக் கறை ஒன்று படத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தது. உன் அம்மா, "இஞ்ச பாருங்க, சுவர் ஈரமா இரிக்கு" என்றாள். மாரிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கால் பார்க்கிற மனுஷன் இப்படிச் சொல்கிறானே என்று நினைத்திருப்பாள். நான் படத்தின் கயிற்றை நீட்டிக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினேன்.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி. மாமி படியேறி நம் வாசலுக்கு வந்தபோது ஒரு கையில் ஊறிப்போன உறை. மற்றக் கையில் படம். சுதனின் நெற்றியும் ஒரு கண்ணும் உறையோடு ஒட்டி உரிந்து போயிருந்தன. "அண்ணன், உங்கட வீட்டாலதான் தண்ணி இறங்கியிரிக்கு. இதப் பாருங்க. எனக்கு வேற ஒண்டும் இல்லையே அண்ணன்" என்றாள். அவள் சத்தம் போடவில்லை. மேல் வீட்டு, கீழ் வீட்டுச் சனம் எல்லாம் படியில் நின்றது. நான் திரும்பினால், எனக்குப் பின்னால் சுவரில் என் படம் தெரிந்தது. சாவி வாங்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போது என் வாயில் வந்ததை நீ பிறகு கேள்விப்பட்டிருப்பாய். "கடைசியாப் போனது மகன்தான். தண்ணி வராத நேரம் பைப்பத் திறந்துபோட்டு, அப்படியே விட்டுட்டுப் போயிருப்பான்."

அந்தக் குடியிருப்பில் யாருமே நம்பக்கூடிய பொய் அது. மோட்டர் போடாத நேரம் பைப்பைத் திறந்து பார்ப்பதும், தண்ணீர் இல்லை என்று அப்படியே விட்டுவிட்டுப் போவதும், பிறகு வீடு குளமாவதும் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். நீ வகுப்பு முடிந்து படியேறி வந்தாய். எல்லோருக்கும் முன்னால் உன் கன்னத்தில் அடித்தேன். பைப்பைப் பூட்டினாயா என்று கேட்டேன். "பூட்டினனான் அப்பா" என்றாய். இன்னொரு தரம் கேட்டேன். "பூட்டினனான் எண்டுதான் நினைக்கிறன்" என்றாய். மூன்றாம் தரம் கேட்டேன். மாமியின் கையில் இருந்த படத்தைப் பார்த்தாய். "தெரியல்ல அப்பா" என்றாய். மகன், நான் செய்த குற்றம் அந்தப் பொய் மட்டும் இல்லை. உனக்குத் தெரிந்த உண்மையை மூன்று கேள்வியில் உன்னிடம் இருந்து பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் நீ தனியாகக் கீழே போய் மாமியின் காலடியில் இருந்து அழுதாய் என்று உன் அம்மா சொன்னாள். பிறகு அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு, டவுனில் எடுத்த ஸ்டூடியோவைத் தேடிப் போனாய். அவர்கள் பழைய பிலிம் எதையும் வைத்திருக்கவில்லை. வேறொரு ஸ்டூடியோக்காரன் போன கண்ணையும் நெற்றியையும் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தான். மாமி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இரிக்கு மனே. ஆனா இது சுதன் இல்ல" என்றாளாம். அன்று நீ சாப்பிடவில்லை. நான் உன் எதிரே இருந்து சாப்பிட்டேன்.

நீயும் அம்மாவும் தேற்றாத்தீவில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாளில் பைப் வேலை செய்கிறவன் ஒருவனைக் கூட்டி வந்து சுவரை உடைத்தேன். ஆணி பைப்பின் வயிற்றில் குத்தி நின்றது. துண்டை வெட்டிப் புதிது பொருத்தி, பூசி, வெள்ளை அடித்து, அதே இடத்தில் படத்தை ஒட்டுப் பசையால் ஒட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒழுக்கு நின்றது. பார்த்தீர்களா, பொடியன் கவனமாக இருக்கத் தொடங்கிய பிறகு ஒழுகவில்லை என்று மாடிச் சனம் பேசியது. அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். உன் அம்மா திரும்பி வந்து புது வெள்ளையைத் தடவிப் பார்த்தாள். நோயில் கிடந்த கடைசி மாதத்தில், "அந்தப் பொடியனோட ஒருநாள் இருந்து கதையுங்க" என்று மட்டும் சொன்னாள். எதைப் பற்றி என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் தெரிந்துகொண்டுதான் போனாளா என்று நினைக்காத நாள் இல்லை.

நீ கொழும்புக்குப் போனாய், வேலை எடுத்தாய். வருடத்தில் ஒருமுறை வரும்போது பையைப் படியில் வைத்துவிட்டு முதலில் மாமி வீட்டுக்குள் போவாய். அங்கே இருந்து சாப்பிட்டுவிட்டு மேலே வருவாய். எனக்கு அது பிடிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது, அவ்வளவுதான்.

உன் மனைவி பேசிய மறுநாள் காலை நான் அந்தப் படத்தைச் சுவரில் இருந்து பெயர்த்தேன். அன்று பைப்பில் இருந்து கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்த ஆணியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மாமி வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் வயது போய்விட்டது, மகன். சுதன் வருவான் என்று இன்னும் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போடுவதில்லை. ஆணியை முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது. ஆணியைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்தனை வருசம் அந்தப் பொடியன் வரக்குள்ளெல்லாம் என்னட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போறவன். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அவனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல தங்கச்சி. முதல் உன்னட்டச் சொல்லணும் எண்டு..."

"எனக்கு என்னத்துக்கு முதல்? என்ர புள்ளைட படம் போனது போனதுதான். உங்கட புள்ள உசிரோட இரிக்கான். போங்க. அவனுக்குச் சொல்லிப்போட்டு வாங்க. அதுக்குப் பிறகு உங்களோட கதைக்கிறதா இல்லையா எண்டு நான் பாக்கிறன்."

திரும்பவும் கீரையை எடுத்தாள். நான் படியேறி வந்து இதை எழுதத் தொடங்கினேன். நாலு தரம் கிழித்துப் போட்டேன். வீட்டை உன் பேருக்கு எழுதித் தருகிறேன், மாமிக்கு அது செய்கிறேன் இது செய்கிறேன் என்று ஒவ்வொரு தரமும் ஏதாவது பேரம் பேசி முடித்திருந்தேன். இதில் அது இல்லை. நீ என்னோடு பேசாமல் விட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆணியை இந்தக் கடிதத்தோடு ஒரு துண்டுக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். உன் மனைவிக்குக் காட்டு. உன்னைப் பார்த்து அவள் சிரித்தது அவளுடைய பிழை இல்லை என்றும் சொல்லு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை மாமிக்கும் நான் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில். அந்த நாள் மத்தியானம், மாமி படியேறி வருவதற்கு முன்னால், வேலையில் இருந்து முதலில் வீட்டுக்கு வந்தவன் நான். தாகமாக இருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். தரை காய்ந்திருந்தது. பைப் இறுக்கமாகப் பூட்டியிருந்தது, திறக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. நீ அன்றைக்குப் பைப்பைப் பூட்டிவிட்டுத்தான் போனாய், மகன்.

அப்பா